பொய்ச்சேவல் கூவிய நாட்டில் ஓர் உருமாறித் துப்பறிவாளர்: குமரி மாவட்டக் காதல் மிகுபுனைவு எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரவில் உடல் மாறி, பகலில் வழக்கின் பின்னால் அலைகிற ஒருவர். அவரை நேசிக்கிற இன்னொருவர். இருவருக்கும் பின்னால் ஒரு பழங்கதை. இந்த மூன்றையும் நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் தெருக்களில் வைத்து நாவல் எழுத முனைவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

இது பேய்க்கதைதானே? நகர்ப்புற மிகுபுனைவு (அர்பன் ஃபேன்டஸி) என்று தனிப்பெயர் எதற்கு?

பேய்க்கதையில் அமானுஷ்யம் வந்து பயமுறுத்திவிட்டுப் போய்விடும். இந்த வகையில் அது ஊரிலேயே குடியிருக்கும். வடசேரியில் பஸ் ஏறும், ரேஷன் கடையில் விரல் வைக்கும், மாத வாடகை கொடுக்கும். வாசகர் பயப்படுவதைவிட, ‘இப்படி ஓர் ஆள் நம் தெருவில் இருந்தால் எப்படிச் சமாளிப்பார்?’ என்று யோசிக்க வேண்டும். அதனால்தான் விதிகளும் விவரங்களும் இவ்வளவு முக்கியம்.

மதுரை, சென்னை எல்லாம் இருக்கக் குமரி மாவட்டம் ஏன்?

உருமாற்றத்தால் காதல் கெட்ட இரண்டு பெருங்கதைகள் இங்கே ஒரே சாலையில் இருக்கின்றன. இந்திரன் கௌதமரின் உருவில் அகலிகையிடம் போனான். அந்தப் பாவம் தீர அவன் வந்து சேர்ந்த இடம் சுசீந்திரம் என்கிறது தலபுராணம். ‘சுசி’ என்றால் தூய்மை; ஊர்ப்பெயரே அங்கிருந்து வந்தது என்பார்கள். அங்கிருந்து தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் கன்னியாகுமரி. குமரித்தேவியை மணக்கச் சுசீந்திரத்திலிருந்து நள்ளிரவு முகூர்த்தத்துக்குப் புறப்பட்ட சிவன், வழுக்கம்பாறை வந்தபோது சேவல் கூவியது. விடிந்துவிட்டது என்று எண்ணித் திரும்பிவிட்டார். கூவியது நாரதர். கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும்தான் கடற்கரையில் நிறம் நிறமாய் மணலாகிக் கிடக்கின்றன என்பது கதை.

மக்கள் சொல்லும் அகலிகைக் கதையிலும் கௌதமரை அதிகாலை நீராட அனுப்பிவைக்க இந்திரன் சேவலாகக் கூவுகிறான். ஆக, இரண்டு கதையிலும் பொய்ச்சேவல், பொய்யான விடியல். ஒன்றில் தகாத உறவு நடக்கிறது. மற்றதில் நடக்க வேண்டிய கல்யாணம் நின்றுபோகிறது. துப்பறியும் காதல் கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைப்பது அரிது. ‘கூவியது யார்?’ என்ற ஒரு கேள்வியே வழக்கையும் காதலையும் சேர்த்துக் கட்டிவிடும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: நிஜச் சேவல் வெளிச்சம் பார்த்து மட்டும் கூவுவதில்லை. அதன் உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. விடிவதற்கு முன்பே கூவத் தொடங்கும். திடீர் வெளிச்சமும் அதைக் கூவவைக்கும். கல்யாண மண்டபத்தின் ஃபோகஸ் லைட் பட்டுக் கூவிய சேவலை முதலில் சந்தேகப்பட வைத்து, பிறகு உண்மைக்குப் போகலாம்.

எந்த நாட்டார் கதையை அடித்தளமாக எடுக்கலாம்?

நீலி கதை. பழையனூர் நீலி தமிழகம் முழுக்கத் தெரிந்தவள்; நாகர்கோவில் பக்கம் அவள் கள்ளியங்காட்டு நீலி. வில்லுப்பாட்டில் இசக்கியம்மன் கதையாகப் பாடப்படுவதன் சாரம்: நகைக்கு ஆசைப்பட்ட ஒருவன், தன்னை நம்பித் தூங்கியவளைக் கல்லைப் போட்டுக் கொல்கிறான். சாகும்போது அவளுக்குச் சாட்சி பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி ஒன்றுதான். மறுபிறவியில் அவன் வணிகன். அவள் அவனுடைய மனைவியின் உருவில், ஒரு கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ப்பெரியவர்கள் முன்னால் வந்து நிற்கிறாள். ‘இவள் என் மனைவி இல்லை’ என்று அவன் கதறுகிறான். குழந்தை அவனிடம் தாவுகிறது. பெரியவர்கள் குழந்தையை நம்பி, அவன் உயிருக்குப் பொறுப்பேற்று, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். காலையில் அவன் பிணம். வாக்குக் கொடுத்த எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதில் துப்பறிவாளருக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது: பழைய கொலை, பேசாத சாட்சி, போலி அடையாளம், தவறாகப் படிக்கப்பட்ட தடயம், தவறான தீர்ப்புக்குக் கொடுத்த விலை. உருமாற்றம் இங்கே வேடிக்கைக்கு நடப்பதில்லை. தீராத அநியாயத்துக்குத்தான் நடக்கிறது. உங்கள் நாவலிலும் அப்படியே இருக்கட்டும்.

‘இயக்கி’ என்ற சொல்லே ‘இசக்கி’ ஆயிற்று. சமண மரபின் யட்சி, இயக்கியோடு அதற்கு உறவுண்டு. சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களோடு இருந்த இடம் பின்னாளில் பகவதி கோவிலாயிற்று. நாகர்கோவில் நாகராஜா கோவில் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர்களான பார்சுவநாதரும் மகாவீரரும் இன்னும் இருக்கிறார்கள். தெய்வங்களே உரு மாறிய நிலம் இது. அரசமரம், நாகக்கல், பௌர்ணமி என்று பொதுவாக அடுக்குவதைவிட இந்தக் கோவில் வரலாற்றில் ஓர் அத்தியாயத்தை ஊன்றி எழுதுவது மேல்.

உருமாற்றத்துக்கு என்ன விதி வைப்பது?

நம் மரபில் மூன்று தனித்தனி வழிகள் உண்டு. பலரும் இவற்றைக் கலந்துவிடுகிறார்கள். பாதி நாவலில் கதை தள்ளாடுவது அங்கேதான்.

முதலாவது, உடலே மாறுவது. மாரீசன், சூரபதுமன், நீலி. மாரீசன் கதையில் ஒரு நல்ல விதி ஒளிந்திருக்கிறது: உயிர் போகும்போது சொந்த உரு திரும்பிவிடும். பார்வதிபுரத்தில் நள்ளிரவில் லாரியில் அடிபட்டது மரநாய். விடிந்ததும் அங்கே கிடப்பது ஒரு மனிதப் பிணம். வழக்கு இப்படித் தொடங்கலாம்.

இரண்டாவது, கூடு விட்டுக் கூடு பாய்தல். உயிர் மட்டும் போகும், உடல் இங்கேயே கிடக்கும். திருமூலர் இடையன் மூலனின் உடலில் புகுந்தார். அன்று மாலை மூலனின் மனைவி வந்து அழைத்தாள். ‘உனக்கும் எனக்கும் உறவில்லை’ என்று சொல்லிவிட்டார். பிறகு போய்த் தேடியபோது அவருடைய சொந்த உடல் இல்லை. பெரிய புராணத்தில் சில பாடல்களில் முடிந்துபோகும் அந்தப் பெண்ணின் துயரம் ஒரு முழு நாவலுக்குப் போதும். இந்த வழியை எடுத்தால் காதலுக்கு ஒரு வேலை தானாகக் கிடைக்கிறது: துப்பறிவாளர் வெளியே போயிருக்கும்போது அந்த வெற்றுடலைக் காவல் காப்பது யார்?

மூன்றாவது, சாமி இறங்குவது. கொடை நாளில் (கோவில் திருவிழாவில்) கோமரத்தாடி என்கிற சாமியாடி ஆடும்போது உடல் அவருடையது, பேச்சு தெய்வத்தினுடையது. இதைத் துப்பறிவாளரின் கருவியாக்க வேண்டாம். ஊர் நம்புகிற ஒன்றை மந்திர வித்தையாகச் சுருக்குவது போலாகிவிடும்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் விலையை ஐந்தாம் அத்தியாயத்துக்குள் காட்டிவிடுங்கள். உடலே மாறுகிறது என்றால் எடைக்கு விடை வேண்டும். 60 கிலோ ஆள் 3 கிலோ மரநாயாகும்போது மிச்சம் எங்கே போனது? எடைக்கு எடை சரியாக வேண்டுமென்றால் சிறுத்தைதான் பொருந்தும். குமரிக் காட்டில் அது உண்டு. ஆனால் நாகர்கோவில் தெருவில் சிறுத்தை தென்பட்டால் அரைமணியில் கூட்டமும் வனத்துறைக் கூண்டும் வந்துவிடும், துப்பறிய முடியாது. ‘மிச்ச எடை பசியாகத் திரும்பும்’ என்று விதி வைத்தால் நன்றாக வேலை செய்கிறது. ஆள் திரும்பியதும் இரண்டு கும்பா மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும் சாப்பிடுவார். காதலிக்கு முதல் சந்தேகமும் அங்கேயே எழும்.

உடுப்பை மறக்காதீர்கள். மாறும்போது சட்டை கூடவே போகுமா, கீழே விழுமா? விழும் என்றால் ஊரில் மூன்று நான்கு இடத்தில் லுங்கியும் சட்டையும் ஒளித்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பைகளில் ஒன்று காணாமல் போவது நல்ல திருப்பம்.

எத்தனை உரு? எந்தெந்த விலங்கு?

இரண்டு போதும். மூன்றாவது உரு வந்தால் ஆபத்துக்கு ஓர் உரு என்றாகிவிடும். வாசகருக்குப் பதற்றம் போய்விடும்.

விலங்கின் புலன்கள்தான் துப்பறியும் முறையைத் தீர்மானிக்கும். அதிகம் பேர் நாகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாகர்கோவில் என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் பாம்புக்கு வெளிக்காது இல்லை. அது தரையதிர்வைத்தான் நன்றாக உணரும். கூரையில் படுத்துக்கொண்டு இரண்டு பேர் பேசுவதை ஒட்டுக்கேட்க அதனால் முடியாது. எத்தனை பேர் நடந்தார்கள், கனமானவர் யார், எந்தப் பக்கம் போனார் என்பதைச் சொல்லும். நாக்கை நீட்டி மணத்தின் திசை பிடிக்கும். மழை இரவின் குளிரில் மந்தமாகும். சட்டை உரிக்கும், உரித்த சட்டை எதிரி கையில் கிடைத்தால் அதுவே தடயம்.

கூகை என்கிற ஆந்தை இருட்டில் காதால் வேட்டையாடும். அதன் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை. அந்த வித்தியாசத்தால் ஒலி வரும் இடத்தைத் துல்லியமாகப் பிடிக்கிறது. ஒட்டுக்கேட்க அதுவே சரி. மரநாய் ஓட்டுக்கூரை, தென்னை எல்லாம் ஏறும், இரவில் திரியும், ஊருக்குள் பார்த்தாலும் யாரும் வியக்கமாட்டார்கள். சேவலைத் துப்பறிவாளருக்குக் கொடுக்க வேண்டாம்: இருட்டில் அதற்குக் கண் தெரியாது. அதோடு, இந்த மண்ணில் சேவல் உரு ஏமாற்றுகிறவனுக்கு உரியது.

மோப்பத்தால் தடம் பிடிப்பதை நம்பும்படி எழுதுவது எப்படி?

மாவட்டத்துக்கு ஒரு மண வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். தோவாளையில் விடியற்காலைச் சந்தையில் பிச்சியும் மல்லிகையும். அந்த நேரத்தில் வேறு எதுவும் மூக்குக்கு எட்டாது. குளச்சல், முட்டம் கடற்கரையில் கருவாடு. மணக்குடியில் காயல் சேறு. கோட்டாறு கடைத்தெருவில் வத்தல் மிளகாய், கொப்பரை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பாலை உறையவைக்கும் அமிலமும் ஷீட் காயவைக்கும் புகைக்கூடமும். அந்தப் புகைக்கூடத்தின் அருகில் எந்த மூக்கும் தோற்கும். குற்றவாளி ஒளிய ஏற்ற இடம்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாயும். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஆடி மாதத்தில் முப்பந்தல் இசக்கி கோவில் பக்கம் ஒருவர் நின்றால் அவர் மணம் திருநெல்வேலிப் பக்கம் போகும், நாகர்கோவில் பக்கம் வராது. இந்த ஒரு விவரத்தைச் சரியாக வைத்தால் வாசகர் மற்றதையும் நம்புவார்.

துப்பறிவாளர் போலீஸா, தனியாரா?

தனியார் என்றால் அவருக்கு எந்தத் தனி அதிகாரமும் கிடையாது. டிடெக்டிவ் ஏஜென்சிகளுக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் நிறைவேறவில்லை. யாருடைய போன் அழைப்புப் பட்டியலையும் அவர் கேட்டு வாங்க முடியாது, வீட்டைச் சோதனையிட முடியாது. இந்த இயலாமை கதைக்கு நல்லது. உரு மாற வேண்டிய தேவை அதிலிருந்தே பிறக்கிறது. வக்கீல் குமாஸ்தா, இன்சூரன்ஸ் விசாரணையாளர் போன்ற வேலைகள் இயல்பாகப் பொருந்தும்.

எஸ்.ஐ. என்று வைத்தால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களைப் பயன்படுத்துங்கள். ‘302 போட்டுருவேன்’ என்ற வசனம் பழையது. கொலைக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 103. முதல் தகவல் அறிக்கை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173, சந்தேக மரணம் 194. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ பதிவு செய்யச் சொல்கிறது பிரிவு 105. உருமாறி அதிகாரிக்கு இது பெரிய தலைவலி, எழுத்தாளருக்கு நல்ல காட்சி. போலீஸிடம் தந்த வாக்குமூலம் ஒப்புதலாகச் செல்லாது; அது காட்டிக்கொடுத்த பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். ‘கூகையாகக் கேட்டேன்’ என்று யாரும் நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. அதனால் உருமாறி அறிந்த ஒவ்வொரு உண்மைக்கும், அதையே மனித வழியில் நிரூபிக்க ஒரு பொருளோ ஆளோ வேண்டும். எழுதும் முன் இரண்டு பத்தியாகப் பட்டியல் போடுங்கள்: இடப்பக்கம் ‘அறிந்தது’, வலப்பக்கம் ‘காட்ட முடிவது’. வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் இடங்களில்தான் கதை அறுந்துபோகும்.

பிரேதப் பரிசோதனைக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கோட்டாட்சியர் விசாரணை என்றால் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு வருவாய்க் கோட்டங்கள். எந்த ஊர் எதில் வருகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

பழைய விசாரணை முறை எதையாவது கதையில் சேர்க்கலாமா?

சுசீந்திரத்தில் கைமுக்கு என்று ஒன்று இருந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தன்னை நிரபராதி என்று நிரூபிக்க வேண்டும். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. இந்திரனே அங்கு கொதிநெய்யில் மூழ்கித் தூய்மையானான் என்பது அதற்குப் பின்னுள்ள கதை. இன்றும் அர்த்தசாமப் பூசையை இந்திரன் வந்து செய்வதாக நம்பிக்கை. மாலையில் நடை அடைப்பவரே மறுநாள் காலை திறப்பதில்லை என்றும், ‘அகம் கண்டது புறம் கூறேன்’ என்று அர்ச்சகர்கள் உறுதி எடுப்பார்கள் என்றும் சொல்வார்கள். உண்மை தெரிந்தும் சொல்ல முடியாத சாட்சி ஒருவரை உருவாக்க வேண்டுமென்றால் இந்த வாக்கியமே போதும்.

காதலரிடம் ரகசியத்தை எப்போது சொல்ல வேண்டும்?

உடலுறவுக்கு முன். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. கடைசி அத்தியாயம் வரை மறைத்தால்தான் சுவாரசியம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி மறைக்கிற நாயகன் இந்திரன் செய்ததையே செய்கிறான். கணவன் என்று நம்பவைத்துப் பெறும் சம்மதம் சம்மதமே அல்ல என்று நியாய சன்ஹிதா 63ஆம் பிரிவும் சொல்கிறது. அது பாலியல் வன்கொடுமை. இன்னொருவர் உருவில் போய் அவள் மனதைச் ‘சோதித்துப் பார்ப்பது’, அவள் செல்லப் பூனையாகி அறைக்குள் இருப்பது போன்ற காட்சிகளையும் காதலாக எழுதாதீர்கள். எழுதினால் அதைக் குற்றமாக எழுதுங்கள். அவள் கோபத்துக்கு முழு இடம் கொடுங்கள்.

எங்கள் அனுபவத்தில் நன்றாக நிற்கும் அமைப்பு இது: 40 அத்தியாயம் என்றால் 12க்குள் அவள் தானாகவே கண்டுபிடித்துவிடுகிறாள். பசி, ஒளித்து வைத்த சட்டைப்பை, நாய்கள் அவனைக் கண்டு ஒதுங்குவது என மூன்று தடயங்கள் முன்பே வாசகர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு பதற்றம் ‘தெரியுமா, தெரியாதா’ என்பதிலிருந்து ‘தெரிந்தபின் கூட நிற்பாளா’ என்பதற்கு மாறும். அதுதான் கனமான கேள்வி. அவளுக்கென்று தனி வேலையும் வழக்கில் தனிப் பங்கும் இருக்கட்டும்: வில்லுப்பாட்டுக்காரர் மகள், தடயவியல் உதவியாளர், மீன் ஏலக் கணக்கெழுதுபவர். பழைய கதையின் விட்டுப்போன வரி ஒன்று அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவளில்லாமல் வழக்கு முடியாது.

குமரித்தேவியின் கல்யாணம் நின்றதை எப்படியாவது நடத்தி வைக்க வேண்டாம். அந்தக் காத்திருப்பு ஊரின் சொத்து. உங்கள் இருவர் பொய்ச்சேவலை அடையாளம் கண்டுகொண்டாலே போதும்.

வட்டாரப் பேச்சு எவ்வளவு வேண்டும்?

உரையாடலில் மட்டும், மிதமாக. நாகர்கோவில் பக்கம் மரியாதைக்கு ‘வாறிய, போறிய, இருக்கிய’. நெருக்கத்தில் ‘மக்கா’, கோபத்தில் ‘லேய்’. தாத்தாவுக்குப் பாட்டா. விளவங்கோடு பக்கம் மலையாளம் கலந்து ‘சாரே’, ‘சாயா’, ‘கொள்ளாம்’ வரும். கடற்கரைப் பேச்சு தனி. காதால் கேட்காமல் எழுத வேண்டாம்.

“ராத்திரி எங்க போனிய? சட்டையெல்லாம் மண்ணா இருக்கு.”

“பழையாத்துப் பக்கம் ஓர் ஆளைப் பாக்கப் போனேன் கேட்டியா.”

‘கேட்டியா’ என்பது இங்கே கேள்வியல்ல, சொல்லுக்கு ஓர் அழுத்தம். இரண்டு பேருக்கும் இடையே மரியாதை எந்த அத்தியாயத்தில் ஒருமைக்கு மாறுகிறது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தமிழில் காதலின் பெரிய திருப்பம் அது.

கோவில், தேவாலயம், சாதி: எங்கே கவனம்?

இசக்கி, மாடன் கோவில்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளவை. பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். தெய்வத்தை வில்லனாக்க வேண்டாம். பெயர் மாற்றிய கற்பனைக் கோவிலில் குற்றத்தை வையுங்கள், கதை மரபை மட்டும் நிஜமாக எடுங்கள். 1982 மண்டைக்காடு மதக் கலவரத்தின் நினைவு இன்னும் ஆறாத மாவட்டம் இது. குற்றவாளியின் மதம் அவன் குற்றத்துக்கு விளக்கமாகும்படி ஒரு வரிகூட வரக்கூடாது.

இடத்திலும் நேரத்திலும் அடிக்கடி வரும் பிழைகள்?

விவேகானந்தர் பாறையில் நள்ளிரவுச் சந்திப்பு: படகு மாலையோடு நின்றுவிடும், எப்படிப் போனார்கள் என்று சொல்லியாக வேண்டும். பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையிலான கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில்தான் திறந்தது. அதற்கு முந்தைய கதையில் அது வரக்கூடாது. மார்த்தாண்டம் இரும்பு மேம்பாலத்துக்கும் அப்படித்தான், 2018க்குப் பிறகுதான். விடியலில் உரு மாறும் விதி வைத்தால், இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 6 மணிக்கும் 6.40க்கும் இடையில்தான் உதிக்கும். 5 மணிக்கு வெயில் எழுதாதீர்கள். கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமி மாலை சூரியன் மேற்கே மறைவதையும் நிலா கிழக்கே எழுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். அந்தச் சில நிமிடங்களில் இரு உருவும் ஒரே உடலில் இருக்கும் என்று விதி வைத்தால், உச்சக்காட்சிக்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை.

அமைப்பு எப்படி? எங்கிருந்து தொடங்குவது?

வில்லுப்பாட்டின் ஒழுங்கு கைகொடுக்கும்: காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழி. இதில் ‘வருபொருள்’ என்பது என்ன பாடப்போகிறோம் என்று முன்பே சொல்லிவிடுவது. முதல் அத்தியாயத்திலேயே பழங்கதை முழுவதையும் இரண்டு பக்கத்தில் சொல்லிவிடுங்கள், ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு. அந்த வரி முப்பதாம் அத்தியாயத்தில், கொடை இரவில், வில்லை அடிக்கும் வீசுகோல் விழும் நேரத்தில் பாடப்படட்டும். தொடராக வெளியிடுவதானால் அத்தியாயத்துக்கு 1,500 முதல் 2,000 சொல் வசதி. பத்து அத்தியாயம் கையிருப்பில் இல்லாமல் முதல் அத்தியாயத்தை வெளியிட வேண்டாம். விதியை நடுவில் மாற்றத் தோன்றும், மாற்ற முடியாது.

முதலில் எழுத வேண்டிய பக்கம் உருமாற்றக் காட்சி அல்ல. கொலை நடந்த இரவு உண்மையில் என்ன நடந்தது என்பதை மணிவாரியாக, உங்களுக்கு மட்டுமாக எழுதுங்கள். சேவல் கூவிய நேரத்தையும் அதில் குறித்துவிடுங்கள்.